நரம்புக்குழல் மூடுவது 28-ஆம் நாளா, 6-ஆவது வாரமா?

சோமைட்22:
கருவியல் புத்தகத்தில் 28-ஆம் நாள் வாக்கில் நரம்புக்குழல் (மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழல்) முழுசா மூடிவிடும் என்று இருக்கு. மகப்பேறு வகுப்பில் 6-ஆவது வாரம் என்கிறார்கள். எது சரி? குழல் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் போதாதா?

பெட்ரித்தட்டு:
இரண்டும் சரிதான். கருவியலில் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவார்கள், மகப்பேறில் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. 28 நாள் சுழற்சியில் 14 நாள் வித்தியாசம்; 28 + 14 = 42 நாள், அதாவது 6 வாரம். சுழற்சி 35 நாள் என்றால் 14-க்குப் பதில் சுமார் 21 கூட்டணும்.

கருத்தரித்து 18-ஆம் நாள் வாக்கில் நரம்புத்தட்டு (குழலாக மடியப்போகும் செல் தகடு) தெரியும். விளிம்புகள் மடிப்பாக எழும்பி, 22-ஆம் நாள் வாக்கில் பின்மூளையும் கழுத்தும் சேருமிடத்தில் முதலில் ஒட்டும். அங்கிருந்து மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போகும். தலைப்பக்கத் துளை 25, வால்பக்கத் துளை 28 வாக்கில் அடையும். முதலாவது மூடாவிட்டால் அனென்செஃபலி (மூளையும் மண்டையோடும் பெரும்பாலும் உருவாகாத நிலை), அடுத்தது மூடாவிட்டால் மைலோமெனிங்கோசீல் (தண்டுவடம் முதுகில் வெளியே பிதுங்கும் குறை).

மாதவிடாய் தள்ளிப்போனது தெரியும்போதே கருவுக்கு 14 நாள். டெஸ்ட், டாக்டர் என்று ஒரு வாரம் போனால் மடிப்பு எழும்பியாச்சு. அதனால்தான் கருத்தரிக்கும் முன் குறைந்தது ஒரு மாதத்திலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம், பிறகு கர்ப்பத்தின் 12-ஆவது வாரம் வரை. முந்தைய கருவில் இந்தக் குறை இருந்திருந்தால் டாக்டர் எழுதித் தரும் 4 மில்லிகிராம். இதை எட்ட மல்டிவைட்டமினைப் பத்துப் பத்தாக விழுங்கக் கூடாது. வைட்டமின் ஏ எகிறும், அதுவே கருவைக் கெடுக்கும்.

சோமைட்22:
தெளிவாச்சு, நன்றி. தட்டு மடிவது எப்படி? அதற்குக் கீழே ஓடும் தண்டான முதுகுநாண் இழுக்கிறதா?

ஆப்புசெல்:
இழுக்காது, சமிக்ஞை தரும். முதுகுநாணுக்கு நேர் மேலிருக்கும் செல்களில் உட்கரு அடிப்பக்கம் தங்கிவிடும், மேல்நுனியில் ஆக்டின்-மயோசின் புரத இழைகள் சுருங்கும். செல் ஆப்பு வடிவமாகும், தட்டு அந்தக் கோட்டில் மடியும். பக்கத்துப் புறப்படையும் (தோலாகப்போகும் செல் அடுக்கு) உள்நோக்கித் தள்ளிக்கொடுக்கும்.

பலரும் விட்டுவிடுவது அதற்கு முந்தைய கட்டத்தை. செல்கள் நடுக்கோட்டை நோக்கி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, தட்டு முதலில் குறுகி நீளணும். வாங்கிள்2 மரபணு இரு பிரதியிலும் கெட்ட எலிக்கருவில் இது நடக்காது. மடிப்புகள் எழும்பும், ஆனால் இடைவெளி அகலம். எட்டித் தொட முடியாது. நடுமூளை தொடங்கி முதுகு முழுக்கத் திறந்தே கிடக்கும்.

கோனஸ்:
மேலே சொன்னது முழுக்குழலுக்கும் பொருந்தாது. திரிகத்தின் (இடுப்புக்குப் பின்னுள்ள முதுகெலும்புப் பகுதி) கீழ்ப்பகுதியில் மடிப்பே கிடையாது. கருவின் வால்நுனியிலுள்ள வால்மொட்டுச் செல்கள் திரண்டு, பிறகு உள்ளே குழிவு விழும். அங்கு வரும் குறை பெரும்பாலும் தோல் மூடியே இருக்கும். அதனால் 16-18 வாரத்தில் தாயின் ரத்தத்தில் ஏஎஃப்பி (கரு உண்டாக்கும் ஒரு புரதம்) அளக்கும் பரிசோதனை நார்மலாக வந்தாலும் தண்டுவடம் கீழே திசுவோடு ஒட்டிக் கட்டுண்டிருக்கலாம். திறந்த குறையில்தான் ஏஎஃப்பி ஏறும்.

ஃபோலிக் அமிலமும் எல்லாவற்றையும் தடுக்காது. கட்டுப்படாத சர்க்கரை, வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து இரண்டும் தனியாக ஆபத்தைக் கூட்டும். வால்ப்ரோயேட்டைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வரும். மாற்று மருந்தைக் கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் பேசி முடிவுசெய்யணும்.