ஒரே ஜிமெயில், வீட்டுல நாலு போன்: சிங்க்கை மொத்தமா அணைச்சுட்டேன், சரிதானே?

கல்லிடை அப்பளம் | காலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில அப்பளத் தொழில் பண்ணுதோம். என் போன், வீட்டுக்காரி போன், அம்மா போன், மக படிக்க ஒரு டேப். நாலுலயும் ஒரே ஜிமெயில். ஒரு போன்ல செஞ்ச மாத்தம் மத்ததுலயும் தானா வந்து நிக்கும், அதைத்தான் சிங்க்னு சொல்லுதாங்க. 2019-ல முதல் போன் வாங்கும்போது கடைப் பையன் போட்டுக் கொடுத்தது. அப்புறம் வாங்கினதுக்கெல்லாம் அதையே போட்டுட்டோம்.

நடந்தது இதுதான். அம்மா போன்ல எங்க வியாபார நம்பரெல்லாம் வந்து நின்னுச்சு. "செங்கோட்டை பார்சல், சுரண்டை மளிகை, உளுந்து லாரி... இவங்கல்லாம் யாருட்டி, என் தங்கச்சி நம்பர் எங்க?"ன்னு பேத்திகிட்ட புலம்பிக்கிட்டே இருந்தா. பேத்தி ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பக்கத்துல உக்காந்து, ஆச்சிக்குத் தெரியாத பேரை ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு அழிச்சுக் கொடுத்துட்டா. மறுநாள் விடியக்காலம் சரக்கை ஏத்திட்டு தென்காசிக் கடைக்குப் போன் போடப் போறேன், பேரே இல்ல. முந்நூறு நம்பருக்கு மேல போயிருச்சு. வாட்ஸாப்ல பேசினவங்க வெறும் நம்பரா நிக்காங்க. பழைய மெசேஜைப் படிச்சுப் பாத்து, இது சுரண்டைக்காரரு, இது கடையம் கேன்டீன்னு கண்டுபிடிச்சு எழுதுதேன். இன்னைக்கு 26 நாளாச்சு, பாதிகூடத் தேறல.

அன்னைக்கே நாலுலயும் சிங்க்கை அணைச்சுட்டேன். இனி நம்பரெல்லாம் நோட்டுலதான். மக மேல எனக்குக் கோவம் இல்ல, அவ நல்லது நெனச்சுத்தான் செஞ்சா. ஒரு போன்ல அழிச்சதைக் கேக்காம கொள்ளாம நாலுலயும் அழிக்கிற ஏற்பாடுதான் தப்பு. என்ன சொல்லுதீங்க?

வைகுண்டத்தான் | காலை 6.45

தப்பான முடிவு அண்ணாச்சி. மனசு கேக்காம எழுதுதேன்.

2023 டிசம்பர் 17, 18-ல என்ன நடந்துச்சுன்னு நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆளுகளோட நின்னுபோச்சு. எங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி. ரெண்டு போனும் முங்கிப்போச்சு. உரக்கடைக் கணக்கு நோட்டை வெயில்ல காயப் போட்டேன், பக்கம் பக்கமா ஒட்டிக்கிட்டு மை கலங்கி நீலக் கறையா இருந்துச்சு. ஒரு பேரு வாசிக்க முடியல. யார் எவ்வளவு பாக்கின்னு அதுலதான் இருந்தது.

புதுப் போன் வாங்கி, அதே நம்பருக்கு சிம் வாங்கி, ஜிமெயிலைப் போட்டேன். அரை மணி நேரத்துல எல்லா நம்பரும் வந்து நின்னுச்சு. முந்தின ராத்திரி பேக்கப் வரைக்கும் வாட்ஸாப்பும் வந்துருச்சு. சிங்க்கை நீங்க அணைச்சு வெச்சிருந்தா, அடுத்த வெள்ளத்துல நோட்டும் போகும் போனும் போகும்.

காரையாறு | காலை 7.30

கல்லிடை அண்ணாச்சி செய்ததே சரி.

நான் அணைப்பக்கம் வேலை பார்க்கிறேன். பாபநாசத்தைத் தாண்டி மேலே ஏறினால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். என்னிடம் இரண்டு போன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று வேலைக்கு. மகளின் காதுகுத்துப் படங்கள் முழுக்க ஒரு போனில் இருந்தன. போன் நிறைந்துவிட்டது, இடத்தைக் காலி செய்யலாமா என்று படங்களுக்கான ஆப் கேட்டது. சரி என்று அழுத்தினேன். மேலே போய் உடன் வேலை பார்ப்பவர்களுக்குக் காட்டலாம் என்று திறந்தால் எல்லாம் கட்டம் கட்டமாக மங்கல். தொட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. படம் போனில் இல்லை, எங்கேயோ இருக்கிறது. நெட்வொர்க் இல்லாதவனுக்கு அது இல்லாததுதான்.

பழைய போனை மாற்றியபோது இதைவிட மோசம். வைஃபை கிடைத்தால் மட்டும் ஏற்று என்று அமைத்திருந்ததை மறந்து, எல்லாம் ஏறிவிட்டது என்று நம்பி அழித்துக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரப் படங்கள் போயின. வைகுண்டத்தாருக்கு வந்து சேர்ந்தது, எனக்குச் சேரவில்லை. இப்போது மாதம் ஒருமுறை கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறேன், அதிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கில். கண்ணால் பார்த்து எண்ணிக் கொள்கிறேன்.

கல்லிடை அப்பளம் | காலை 7.50

காரையாறு தம்பி சொல்லுதது அப்படியே என் மனசு. வைகுண்டத்தாரே, உங்க நஷ்டம் புரியுது. ஆனா உங்களுக்குத் தண்ணி வந்து அழிச்சுது. எனக்கு சிங்க்கே அழிச்சுது.

தென்காசி டீச்சர் | காலை 8.05

மூன்று பேரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பேருக்கு ஏன் ஒரே கணக்கு? நம்பர் போனதைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். உங்கள் மனைவி போனில் எதைத் தேடினாலும் அது உங்கள் போனிலும் நிற்கும், எடுத்த படமும். சிங்க்கை அணைத்தால் மட்டும் இது முழுக்கத் தீராது, கணக்கு ஒன்றாகவே இருக்கிறது. ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும். பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் பிள்ளையின் கணக்கைக் கவனித்துக்கொள்ள கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் வழியாக உங்கள் கணக்கோடு கட்டித் திறக்கலாம்.

கல்லிடை அப்பளம் | காலை 8.20

டீச்சர், எங்க வீட்டுல ஒளிவு மறைவு கிடையாது. வீட்டுக்காரி ஒருநாளும் தனியா வேணும்னு சொன்னதில்ல. நாலு பாஸ்வேர்டை யாரு ஞாபகம் வைக்கது? அம்மாவுக்கு ஓடிபி வந்தா அதை வாசிக்கவே ஆள் வேணும். ஒரே கணக்கா இருந்தாதான் நான் ஒருத்தனே பாத்துக்கிட முடியும்.

தென்காசி டீச்சர் | காலை 8.50

வகுப்புக்குப் போகும் முன் இதை எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு போக முடியாது.

எங்கள் வீட்டிலும் மூன்று வருடம் ஒரே கணக்குதான் இருந்தது. எனக்கு மார்பில் ஒரு கட்டி. யாரிடமும் சொல்லவில்லை, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு போனில் தேடித் தேடிப் படிப்பேன். மகன் அப்போது ஆறாம் வகுப்பு. டேப்பில் வீட்டுப்பாடத்துக்காகத் தேடல் பெட்டியைத் தொட்டிருக்கிறான். நான் தேடியதெல்லாம் கீழே வரிசையாக நின்றிருக்கிறது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் வந்து நின்று, "அம்மா, நீங்க செத்துப்போயிருவீங்களா?" என்றான். கட்டி சாதாரணக் கொழுப்புக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு நாளை அவனுக்கு நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

உங்கள் வீட்டில் அவர்கள் சொன்னதில்லை என்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா அண்ணாச்சி?

வள்ளியூர் பழக்கடை | காலை 10.15

எனக்கு நேர் எதிர் பிரச்சினை. கடையில பையன்கிட்ட ஒரு போன், என்கிட்ட ஒரு போன். கூகுள் பே, போன்பே ரெண்டுலயும் தெரியணும். ரெண்டாவது போன்ல திறந்தா முதல் போன்ல இருந்து வெளிய தள்ளிருது. வேண்டாததெல்லாம் சிங்க் ஆகுது, வேணுங்கதை ஆக மாட்டேங்குது.

பாளை சர்வீஸ் | மதியம் 1.20

கடையில கூட்டம், இப்பதான் பாக்கேன். இத்தன பேர் பேசியிருக்கீங்க, 26 நாளுங்கதை யாரும் கவனிக்கலையே!

கல்லிடை அண்ணாச்சி, வாதம் அப்புறம். கூகுள் காண்டாக்ட்ஸ்ல அழிச்ச பேரு 30 நாள் குப்பைத்தொட்டியில கிடக்கும். உங்களுக்கு இன்னும் நாலு நாள்தான். இப்பவே போன் பிரவுசர்ல அந்த ஜிமெயிலோட காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறங்க, இடது பக்கப் பட்டியல்ல குப்பைத்தொட்டி இருக்கும். எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து மீட்டெடுங்க. மாற்றங்களை மொத்தமா பழைய நிலைக்குத் திருப்புத வழி ஒண்ணும் அங்க இருக்கு, அதைத் தொடாதீங்க. அந்தத் தேதிக்கு அப்புறம் சேத்த பேரை அது எடுத்துப்போடும். மீட்டதும் உங்க போன்ல மட்டும் சிங்க்கைப் போடுங்க. போடாம வராது. ஒரே ஆளு ரெண்டு தடவை வந்தா ஒண்ணு சேத்துக்கிடலாம்.

இனி வாதத்துக்கு வாரேன். ஒரு குளம், நாலு மடை. எந்த மடையைத் திறந்தாலும் குறையுதது குளத்துத் தண்ணிதான். நம்பரெல்லாம் இருக்கது அந்த ஜிமெயில்ங்கற குளத்துல. ஆச்சி போன், உங்க போன் எல்லாம் மடை. பிள்ளை ஆச்சி மடையைத்தான் திறந்தா, குளமே வத்திப்போச்சு. படமும் அப்படித்தான், கூகுள் போட்டோஸ்ல அழிச்சா எல்லாப் போன்லயும் போகும், 60 நாள் வரைக்கும் குப்பைத்தொட்டியில எடுக்கலாம். அதனால டீச்சர் சொல்லுததுதான் சரி. ஆளுக்கு ஒரு குளம். இடம் பத்தலன்னு காசு கட்டினா, குடும்பமா ஆறு பேர் வரைக்கும் அதைப் பங்கு போட்டுக்கிடலாம். ஒருத்தர் படம் இன்னொருத்தருக்குத் தெரியாது. காசு கட்டாட்டி ஆளுக்கு 15 ஜிபி. மெயில், படம், டிரைவ் எல்லாம் அதுக்குள்ள. 2024-ல இருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸாப் பேக்கப்பும் அதுலதான் கணக்கு. நாலு பேரு ஒரே 15-ல இருந்தா நெறையாம என்ன செய்யும்?

வள்ளியூராரே, அது பணம். யூபிஐ உங்க சிம்மையும் போனையும் சேத்துக் கட்டி வெச்சிருக்கு, அந்தக் கட்டை அவுக்கச் சொல்லாதீங்க. கடைக்கு ஒரு சவுண்ட் பாக்ஸ் வாங்கி வைங்க, பையனுக்குக் காது கேட்டாப் போதும். வாட்ஸாப்புக்குத்தான் அந்த வசதி உண்டு. முதல் போன் போக இன்னும் நாலு சாதனத்துல இணைக்கலாம். முதல் போனை 14 நாளுக்குள்ள ஒருக்கா திறந்திரணும், இல்லன்னா மத்ததெல்லாம் தானா வெளிய வந்துரும்.

இன்னொண்ணு அண்ணாச்சி. கடைப் பையன் போட்டுக் கொடுத்த கணக்குன்னு சொன்னீங்க. பாஸ்வேர்டு மறந்தா கணக்கைத் திரும்ப எடுக்க உதவுத மீட்பு நம்பர்னு யாரு நம்பர் இருக்குன்னு பாருங்க. எங்கிட்ட வார பத்துப் பேர்ல பாதிப் பேருக்கு பாஸ்வேர்டே தெரியாது.

காரையாறு | மதியம் 2.00

பாளை அண்ணன் சொன்ன குப்பைத்தொட்டி நல்ல தகவல். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 31-ஆவது நாள் இந்த இழை வந்திருந்தால்? கணக்கைத் தனித்தனியாகப் பிரித்தாலும், அவரே கை தவறி அழித்தால் அதுவும் எல்லா இடத்திலும்தான் அழியும். சிங்க் என்பது ஒரே பொருளை நாலு இடத்தில் காட்டுவது. இரண்டாவது பிரதி அதில் இல்லை. தனியே ஒரு நகல் கையில் இருந்தே ஆக வேண்டும்.

வைகுண்டத்தான் | மதியம் 2.25

அது சரி தம்பி. அந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தரையில வைக்காதீங்க. நான் சிங்க்கை விட மாட்டேன், ஆனா கம்ப்யூட்டருக்கும் ஒரு நகல் எடுத்து மாடியில வைக்கேன். ஊர்க் கடன் பாக்கி மறுபடி அழியுததைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

கல்லிடை அப்பளம் | இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி. பாளை தம்பி, நீங்க நல்லா இருக்கணும். 318 பேரும் குப்பைத்தொட்டியில அப்படியே கிடந்துச்சு. மீட்டெடுத்துட்டு என் போன்ல சிங்க்கைப் போட்டேன். முதல்ல ஒண்ணும் வரல. கடைசியில சுரண்டை மளிகை வந்துச்சு, அப்புறம் மடமடன்னு எல்லாம். எனக்குக் கை நடுங்கிப்போச்சு. ஒரு போன்ல அழிச்சது நாலுலயும் அழியக் கூடாதுன்னு சொன்னதுல மாத்தமில்ல. சிங்க் விஷயத்துல அவசரப்பட்டுட்டேன். காரையாறு தம்பி, நோட்டையும் விடல, முக்கியமான நாப்பது நம்பரை மக எழுதிக்கிட்டு இருக்கா.

டீச்சர், வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் மாவைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க"ன்னா. ஏன்னு நான் கேக்கல. நாளைக்குப் போட்டுக் கொடுக்கேன்.

அம்மாவுக்குப் பேத்தி இன்னைக்கே தனிக் கணக்கு போட்டுட்டா. மொத்தம் பதினொரு பேரு, தங்கச்சி நம்பர் முதல்ல. மீட்பு நம்பரையும் பாத்தேன், கடைசி ரெண்டு எண்ணு எங்க வீட்டு நம்பர் எதுலயும் இல்ல. மாத்தப் போனா பாஸ்வேர்டு கேக்குது. அந்தப் பையன் போன் டப்பா மூடியில எழுதிக் கொடுத்தான்னு வீட்டுக்காரி சொல்லுதா. பரண்ல தேடிக்கிட்டு இருக்கோம்.