புது டிவியில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்

காவேரிப்பட்டணத்தான்:
அரசு கொடுத்த 14 இன்ச் பெட்டி போன மாதம் கண்ணை மூடிவிட்டது. 32 இன்ச் எல்இடி வாங்கி, பழைய செட்டாப் பாக்ஸை அதே மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் மாட்டினேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் அமுக்கி வைத்த மாதிரி ஆட்கள். "நியூஸ் வாசிக்கிற பொண்ணுக்கு முகம் வீங்கியிருக்கே, உடம்பு சரியில்லையா?" என்கிறார் அம்மா. செய்திக்கு முன் வரும் வட்டக் கடிகாரத்தில் தையல் டேப்பை வைத்துப் பார்த்தேன். அகலம் 24 செ.மீ., உயரம் 18.

டிவி ரிமோட்டில் ஜூம் போட்டால் பட்டை போகிறது, கூடவே கீழே ஓடும் தங்கம் விலையும் போகிறது. அது இல்லாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது. டிவியை 4:3-இல் (பழைய டிவியின் அகல-உயர விகிதம்) வைத்தால் உருவம் சரி, ஆனால் நாலு பக்கமும் கறுப்பு.

பாலக்கோடு கேபிள்:
டிவி மேல் தப்பில்லை தம்பி. பாக்ஸ் இன்னும் பழைய பெட்டியோடுதான் குடித்தனம் நடத்துகிறது. அகலப் படத்துக்குப் பட்டை கட்டி 4:3-க்குள் அடக்கி அனுப்புகிறது, டிவி அதைத் தன் அகலத் திரை அளவான 16:9-க்கு இழுக்கிறது. உன் டேப்பே சொல்கிறதே, 24-க்கு 18 என்றால் 4-க்கு 3.

பாக்ஸ் ரிமோட்டை எடு, டிவி ரிமோட் இல்லை. மெனு, செட்டிங்ஸ், அதில் வீடியோ அல்லது டிஸ்ப்ளே என்று ஏதாவது இருக்கும். ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது அகல-உயர விகிதம், 16:9 வை. டிவியிலும் ஜூமை எடுத்துவிட்டு 16:9. பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்தால் அந்த வயரையே போடு.

பென்னாகரம் பெரியவர்:
பழைய படம் போடும் சேனலில் இடமும் வலமும் ஒன்பது செ.மீ. அளவுக்குக் கறுப்பாக வரலாம். விட்டுவிடுங்கள், அது 4:3 படம். என் வீட்டில் "காசு கொடுத்த டிவி முழுக்கத் தெரியணும்" என்று இழுத்து வைத்திருக்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை.

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணா, எச்டிஎம்ஐ போட்டேன். கடிகாரம் இப்போது 24-க்கு 24! ஆனால் தங்கம் விலை எழுத்தில் கீழ்ப்பாதி இன்னும் வெட்டுப்படுகிறது.

பாலக்கோடு கேபிள்:
அது ஓவர்ஸ்கேன். டியூப் டிவி காலத்துப் பழக்கம், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கும். டிவியில் பிக்சர் சைஸ் போய் ஸ்க்ரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன், இரண்டில் எது இருக்கிறதோ அதை வை.

காவேரிப்பட்டணத்தான்:
ஜஸ்ட் ஸ்கேன் இருந்தது. விலை முழுசாகத் தெரிகிறது. அம்மா அதைப் படித்துவிட்டு டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.