ஆக்கர் கடைக்கும் (பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குத கடை) வீட்டுக்கும் 500 மீட்டராம், எந்தச் சட்டத்துல இருக்கு?

பழையாறு:
நேத்து குடிதண்ணியைப் பத்தி ஓடின இழையில ‘வேளிமலை’ சம்பந்தமே இல்லாம ஒண்ணு எழுதிட்டுப் போனாரு: “வீடுகளுக்கு 500 மீட்டருக்குள்ள ஆக்கர் கடை இருக்கப்படாது, அதான் சட்டம். பேரூராட்சி எல்லாத்துக்கும் சீல் வைக்கணும்.” அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல். படிச்சதுல இருந்து எனக்குப் பொறுக்கல்ல. எந்தச் சட்டம்? கிராம ஊராட்சின்னா 1994 ஊராட்சிகள் சட்டம், பிரிவு 159. மனுச உயிருக்கோ உடம்புக்கோ சொத்துக்கோ கேடு வரும்னு அரசு விதியில சேர்த்த தொழிலை உரிமம் இல்லாம நடத்தக் கூடாதுன்னு ஊராட்சி அறிவிக்கலாம். அதுல 500-ம் இல்ல, 50-ம் இல்ல. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சின்னா 1998 நகர்ப்புற உள்ளாட்சி சட்டமும் 2023 விதிகளும். அதுல 500 எங்க இருக்குன்னு அவரே காட்டட்டும். விதி எண் வேணும். வேற பேச்சு வேண்டாம்.

வேளிமலை:
விதி எண் கேக்கதுக்கு முன்னால எங்க விளையில, அதான் வீட்டுத் தோட்டத்துல, வந்து ஒரு சாயங்காலம் நில்லும். பேரூராட்சி ஆபீஸ் பூட்டினதும் தகர டிரம்முக்குள்ள வயரைப் போட்டுத் தீ வைக்கான். மேல உள்ள பிளாஸ்டிக் எரிஞ்சு செம்புக்கம்பி தனியா வரணும், அதான் அவன் கணக்கு. கறுத்த புகை, மூக்குக்குள்ள காந்தும். காலையில பாத்தா கொடியில கிடக்க ரப்பர் ஷீட்டுல கரி ஒட்டியிருக்கும். துடைச்சா இழுகும். ஷீட்டு எடுக்கவன் தரம் குறைச்சுத்தான் வெலை போடுவான். வயர் மேல உள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் எரிஞ்சா டையாக்சின்னு ஒரு விஷம் வரும்னு உமக்குத் தெரியாதா? 500 மீட்டர் விதி இருக்கு. உரிமத்தாளுலயே நிபந்தனையா இருக்குன்னு எங்க கவுன்சிலரே சொன்னாரு.

பழையாறு:
கவுன்சிலர் சொன்னது சட்டம் ஆயிருமா? உரிமத்தாளைப் படம் எடுத்துப் போடும்.

இரும்புக்கடை தம்பி:
அண்ணாச்சிமாரே, நான் இந்தத் தொழில்ல பொறந்து வளந்தவன். அப்பா சைக்கிள்ல சாக்கு கட்டி வீடு வீடாப் போயி பேப்பரும் பாட்டிலும் எடுத்தவரு. எங்க கடை போட்ட அன்னைக்கு சுத்தி தென்னந்தோப்புதான். அப்புறம் தோப்பு பிளாட்டு ஆச்சு, பிளாட்டு வீடு ஆச்சு, இப்ப வீட்டுக்காரங்க எங்களைப் போகச் சொல்லுதாங்க. உரிமம் வருசா வருசம் புதுப்பிக்கோம். வயர் எரிக்கவனைப் பிடிங்க, உள்ள போடுங்க, நான் கேக்கல்ல. நாங்க கையால உரிக்கோம். எல்லாரையும் சேத்து சீல் வைக்கணும்னா என்ன நியாயம்?

மணக்குடிக்காரன்:
தோப்பா இருந்தப்ப வந்தவங்க எந்த ஊருல இருந்து வந்தீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க தம்பி.

இரும்புக்கடை தம்பி:
தூத்துக்குடி பக்கம்தான். அதுக்கென்ன இப்ப? நான் படிச்சது நாகர்கோவில்ல, ஓட்டு இங்க, வரி கட்டுதது இங்க. உங்க ஊரு வள்ளத்துல கழட்டிப் போட்ட பழைய எஞ்சினை யாரு எடுத்தா? கிழிஞ்ச வலையை யாரு எடுத்தா? நாங்க எடுக்கல்லன்னா அதெல்லாம் கடல்லயும் காயல்லயும்தான் கெடக்கும்.

வேளிமலை:
பேச்சை மாத்தாதீங்க. 500 மீட்டர். அதுக்குள்ள கூடாது.

பழையாறு:
500-ஐ விட்டு இறங்க மாட்டேங்குறீரு, அப்ப கணக்கே போட்டுருவோம். 500 மீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போட்டா முக்கால் சதுர கிலோமீட்டருக்கு மேல வரும். 2011 கணக்கெடுப்புப்படி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல. அந்த ஒரு வட்டத்துக்குள்ள மட்டும் எண்ணூறு பேருக்கு மேல ஆச்சு. காட்டையும் மலையையும் கழிச்சா இன்னும் கூடும். ராமநாதபுரம் மாதிரி ஊருக்கும் ஊருக்கும் நடுவுல பொட்டல் கெடக்க இடமா இது? விளைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கிணறுன்னு கேரள எல்லை களியக்காவிளை வரைக்கும் கெடக்கு. வீடே இல்லாத 500 மீட்டர் வட்டம் கல்குளம் தாலுகாவுலயும் விளவங்கோடு தாலுகாவுலயும் எங்க இருக்கு, காட்டும். ஒண்ணு காட்டுக்குள்ள, இல்லன்னா குளத்துக்குள்ள. நீரு கேக்குத விதி வந்தா மாவட்டத்துல ஒரு கடையும் இருக்காது. அப்ப உம்ம வீட்டு உடைஞ்ச பிரிட்ஜை எங்க கொண்டு போடுவீரு?

வேளிமலை:
அதுக்காக என் பிள்ளைய மூச்சு முட்டச் சொல்லுதீரா? எண்ணூறு பேரு இருக்காங்கன்னா எண்ணூறு பேருக்கும் கேடுன்னுதான அர்த்தம்? உம்ம கணக்கு என் கட்சிக்குத்தான் பேசுது. அதுக்குத்தான் 500.

பழையாறு:
விதி எண்?

கோதையாறு:
ரெண்டு பேரும் ஒரே எண்ணைப் பிடிச்சுத் தொங்குதீங்க. டயரைப் பத்தி ஒருத்தரும் பேசல்லியே. நம்ம ஊருல ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல ஒரு மழை. வருசத்துல ரெண்டு தடவை டயருக்குள்ள தண்ணி நிக்கும். டெங்கு பரப்புத ஏடிஸ் கொசுக்கு அது போதும், ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவாப் பறந்துரும். தண்ணி வத்தினாலும் முட்டை மாசக்கணக்குல சாகாமக் கெடக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். வீட்டுல செரட்டையில தண்ணி நின்னா அபராதம் போடுதவன், கடை முற்றத்துல மலை மாதிரி டயர் கெடக்கதைக் கண்டுக்கதில்ல. கூரை போட்டு மூடி வைன்னு எழுதிக் குடுக்க எத்தனை நாள் ஆகும்?

வேளிமலை:
அதத்தான் நானும் சொல்லுதேன், தூரமா இருந்தா கொசு வராது. 500 மீட்டர் போட்டது சும்மாவா?

பழையாறு:
கோதையாறு சொன்னதுக்கும் உம்ம 500-க்கும் என்ன சம்பந்தம்? அவரு கூரை கேக்காரு, நீரு சீல் கேக்கீரு. அந்த 500 உமக்கு எங்க இருந்து கிடைச்சுதுன்னு எனக்குத் தெரியும். 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு சொல்லிச்சு. அடுத்த மார்ச்சுல, இருபதாயிரம் பேருக்குக் குறைஞ்ச ஊருன்னா 220-ன்னு குறைச்சுது. அது சாராயத்துக்கு. யாரோ காதுல கேட்டதை ஆக்கர் கடைக்கு ஒட்டிட்டாங்க, நீரு அதைச் சட்டம்னு தூக்கிட்டு அலையுதீரு.

வேளிமலை:
எனக்கு சாராயக்கடைத் தீர்ப்பும் தெரியும், ஆக்கர் கடை விதியும் தெரியும். ரெண்டும் வேற. கல் குவாரிக்கு 300 மீட்டர் இருக்கா இல்லியா? அப்ப ஆக்கர் கடைக்கு 500 இருக்கக் கூடாதா?

பழையாறு:
குவாரிக்கு 300 இருக்கு, 1959 சிறு கனிம விதியில எழுத்துல இருக்கு. அதைத்தான் நானும் கேக்கேன், எழுத்துல காட்டும்னு. “இருக்கக் கூடாதா”ன்னா அது உம்ம ஆசை. ஆசையைச் சட்டம்னு சொல்லப்படாது.

மணக்குடிக்காரன்:
பழையாறுக்கு ஆக்கர் கடைக்காரன் மேல இவ்வளவு பாசம் எதுக்கு? நாலுவழிச் சாலைக்குக் குளத்தை மண்ணு போட்டு மூடினப்ப இதே ஆளு “வளர்ச்சி வேணும்”னு எழுதினது எனக்கு மறக்கல்ல.

பழையாறு:
நான் எழுதினது குளத்துக்கு மேல பாலமாக் கட்டுங்க, மண்ணு போடாதீங்கன்னு. பழசைத் தோண்டிப் பாத்துட்டுப் பேசும். என்னைப் பத்தி எழுதுததுக்கு முன்னால பத்துத் தடவை யோசியும்.

மணக்குடிக்காரன்:
நல்லாவே யோசிச்சாச்சு. உம்ம பாலம் பேச்செல்லாம் குளம் போனதுக்கு அப்புறம் வந்தது.

வேளிமலை:
டெல்லி மாயாபுரி மறந்துபோச்சா எல்லாருக்கும்? 2010 ஏப்ரல். பல்கலைக்கழக ஆய்வகத்துல கிடந்த பழைய கருவியை ஏலம் போட்டாங்க, அதுக்குள்ள கோபால்ட்-60. ஆக்கர் கடையில உடைச்சான், கதிர்வீச்சு பட்டு ஒருத்தர் செத்தாரு, பலபேரு ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. நம்ம ஊரு கடைக்குள்ள என்ன வருது, என்ன போகுதுன்னு எவனுக்குத் தெரியும்? அதனாலதான் 500 மீட்டர்.

இரும்புக்கடை தம்பி:
அண்ணே, அங்க செத்தது கடையில வேலை பாத்தவரு. உங்க 500 மீட்டர் அவரைக் காப்பாத்துமா? படிச்சவங்க பல்கலைக்கழகத்துல இருந்து ஏலத்துல தள்ளிவிட்டாங்க, படிக்காத தொழிலாளி உடைச்சாரு. தப்பு யாருது? எங்களை 500 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுதீங்களே, உள்ள நிக்க மனுசனுக்குக் கையுறை குடுக்கானான்னு என்னைக்காவது கேட்டதுண்டா?

கோதையாறு:
சரியான கேள்வி. அதோட பேட்டரியையும் சேத்துக்கிடுங்க. வண்டி பேட்டரியை உடைச்சு ஆசிட்டை மண்ணுல ஊத்துதான், ஈயத்தை மட்டும் எடுக்கான். 2022 பேட்டரி கழிவு விதிப்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரன் கைக்குப் போகணும். மின்னணுக் கழிவுக்கும் 2022-ல விதி போட்டு 2023 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. உரிமம் குடுக்க ஊராட்சி இதுல ஒண்ணையாவது கேக்கா? பணம் கட்டினியா, ரசீது இந்தா, முடிஞ்சுது. பக்கத்து வீட்டுக் கிணத்துத் தண்ணியை யாரு எடுத்துப் பாக்கா?

பழையாறு:
இதை நான் முழுசா ஒத்துக்கிடுதேன், முதல்லயே இதத்தான் சொல்ல வந்தேன். உரிமம்னா நிபந்தனையோட குடுக்கணும், வருசத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாம வந்து பாக்கணும். குடியிருப்புன்னா பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, இது 2000-ஆம் வருசத்து ஒலி விதி. காஸ் கட்டிங்கும் சம்மட்டி அடியும் அதுக்குள்ள நிக்குமா? அளந்து பாக்கச் சொல்லு. ஊராட்சி அசையல்லன்னா நாகர்கோவில் ஆர்.டி.ஓ.கிட்டயோ (வருவாய் கோட்டாட்சியர்) பத்மநாபபுரம் சப்-கலெக்டர்கிட்டயோ மனு குடு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 133, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல 152, பொதுத் தொல்லையை அகத்தச் சொல்லி உத்தரவு போடலாம். ரத்லாம் நகராட்சி வழக்குல 1980-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு, காசில்லன்னு நகராட்சி கையை விரிக்கப்படாதுன்னு. இவ்வளவு ஆயுதம் கையில இருக்க, இல்லாத 500-ஐத் தூக்கிட்டுப் போனா ஆபீசர் முதல் கேள்வியிலயே உன்னைத் திருப்பி அனுப்பிருவான். அதான் எனக்கு எரிச்சல்.

வேளிமலை:
நீரு சட்டம் படிச்சவராக்கும், நாங்க புகை குடிக்கவங்க. 133, 152-ன்னு எண்ணு எண்ணா அடுக்குதீரு, 500-ன்னா மட்டும் உமக்குக் கசக்குது.

பழையாறு:
மத்தது எல்லாத்துக்கும் எழுத்து இருக்கு. 500-க்கு இல்ல.

மணக்குடிக்காரன்:
உள்ளூர்க் கடையை விடுங்க. களியக்காவிளை வழியா ராத்திரி லாரியில கேரளாக் கழிவு வருதே, அதைப் பிரிக்கதும் இதே மாதிரி கொட்டகையிலதான். 2024 டிசம்பர்ல திருநெல்வேலியில கொட்டின ஆஸ்பத்திரிக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித்தான் அவிய திருப்பி அள்ளிட்டுப் போனாவ. நம்ம கடைக்காரங்க வாங்கல்லன்னா அவன் கொண்டு வருவானா?

இரும்புக்கடை தம்பி:
எந்தக் கடை வாங்கிச்சு? கண்டா போலீசுல சொல்லுங்க. மொத்தமா எல்லாரு மேலயும் சேறு பூசாதீங்க. இரும்பு வாங்குதவன் ஊசியும் பஞ்சும் வாங்கி என்ன செய்யப் போறான்?

மணக்குடிக்காரன்:
பிளாஸ்டிக் வாங்குதவன் வாங்குவான்.

இரும்புக்கடை தம்பி:
அப்ப அவன்கிட்ட போய்க் கேளுங்க, என்கிட்ட ஏன் கேக்கீங்க?

கோதையாறு:
வாற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுல குறைதீர் நாள். கூரை, டயர், பேட்டரி, வயர் எரிக்கது, சத்தம், அஞ்சையும் போட்டு நான் மனு எழுதுதேன். யாரு யாரு கையெழுத்து போடுதீங்க?

வேளிமலை:
முதல் வரியில 500 மீட்டர் இருந்தா போடுதேன்.

பழையாறு:
500 இருந்தா நான் போட மாட்டேன். வேணும்னா மனுவை நானே எழுதித் தாறேன்.

வேளிமலை:
நீரு எழுதின மனுவுல நான் கையெழுத்து போடவா? அதுக்கு வேற ஆளைப் பாரும்.

இரும்புக்கடை தம்பி:
தொழிலாளிக்குக் கையுறையும் காலுக்குப் பூட்சும்னு ஒரு வரி சேத்தா நானும் போடுதேன்.

மணக்குடிக்காரன்:
கடைக்காரன் கையெழுத்து போட்ட மனு எனக்கு வேண்டாம்.

பழையாறு:
வேளிமலை, உரிமத்தாள் படம் இன்னும் வரல்ல.

வேளிமலை:
கவுன்சிலர் வெளியூர்ல இருக்காரு. வந்ததும் வாங்கிப் போடுதேன். 500 அதுல இருக்கும், பாத்துக்கிடும்.