இத்தாலியப் பண்பாட்டை அறிய எங்கிருந்து தொடங்கலாம்?

மயிலாப்பூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். வித்தோரியோ தெ சிக்கா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தை அண்மையில் பார்த்தேன். களவுபோன சைக்கிளைத் தேடிக் களைத்த தந்தையும் மகனும் உணவகத்தில் அமர்ந்திருக்க, பக்கத்து மேசையில் விருந்துண்ணும் செல்வர் வீட்டுப் பையனை அச்சிறுவன் திரும்பித் திரும்பிப் பார்க்கும் காட்சி மனத்தைவிட்டு அகலவில்லை. இத்தாலி என்றால் பீட்சாவும் சாய்ந்த கோபுரமும் என்றே இருந்துவிட்ட எனக்கு, அந்நாட்டு மக்களின் வாழ்வையும் இசையையும் முறையாக அறியும் ஆவல் எழுந்துள்ளது. எதை முதலில் பார்ப்பது, எதைக் கேட்பது, யாரைப் பற்றிப் படிப்பது?

பெரம்பூர்த் திரைநேயர்:
சகோதரி, நல்ல இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் நடந்து பின்னர் நம் சென்னைக்கும் வந்தபோது, அவ்விழாவில் இடம்பெற்ற படங்களுள் இதுவும் ஒன்று. போரில் சேதமுற்ற ரோமாபுரியின் சினெச்சித்தா படப்பிடிப்பு நிலையம் அகதிகள் முகாமாகிவிட்ட நிலையில், இயக்குநர்கள் தெருவில் இறங்கிப் படமெடுத்தார்கள். நடிகர்களையும் தெருவிலிருந்தே எடுத்தார்கள். நீங்கள் பார்த்த அந்தத் தந்தை உண்மையில் ஓர் ஆலைத் தொழிலாளி.

அடுத்து, அதே இயக்குநரின் ‘உம்பெர்த்தோ டி’ படத்தைப் பாருங்கள். ஓய்வூதியம் போதாமல் திண்டாடும் முதியவராக நடித்தவர் மொழியியல் பேராசிரியர். ஆயினும் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது வேறொரு காட்சியை: வேலைக்காரப் பெண் விடியற்காலையில் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டே, உட்கார்ந்தபடி காலை நீட்டிக் கதவைச் சாத்துகிறாள். கதை நகரவில்லை, ஆனால் ஒரு வீட்டின் காலைப்பொழுது முழுவதும் அதில் இருக்கிறது.

திருவல்லிக்கேணி இசைப்பித்தன்:
முந்தைய பதிலிலிருந்து சற்று மாறுபடுகிறேன். போருக்குப் பிந்திய வறுமைப் படங்களை மட்டுமே பார்த்தால், சில ஆண்டுகளின் துயரத்தையே ஒரு நாட்டின் பண்பாடு என்று கொள்ள நேரிடும். மார்கழிக் கச்சேரிகளுக்குச் செல்பவராயின், அங்குள்ள வயலினிலிருந்து தொடங்குங்கள். பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருப்பெற்ற அக்கருவியை ஸ்திராதிவாரி போன்றோர் கிரெமோனா நகரில் செம்மைப்படுத்தினர். பிற்காலத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். கிரெமோனாவில் பிறந்த மோன்தெவெர்தி 1607இல் அருகிலுள்ள மாந்துவாவில் அரங்கேற்றிய ‘ஓர்ஃபேயோ’, இன்றும் மேடையேறும் மிகப் பழைய இசைநாடகங்களுள் ஒன்று. முழு இசைநாடகத்துக்குப் பொறுமை இல்லையெனில், வெர்தியின் ‘நபுக்கோ’வில் அடிமைகள் பாடும் குழுப்பாடலை மட்டும் கேளுங்கள். 1901இல் மிலானில் வெர்தியின் உடலை மறு அடக்கத்துக்கு எடுத்துச் சென்றபோது, தொஸ்கானீனி நடத்த, பெருங்குழு பாடியது இப்பாடலையே.

அடையாறு ஆசிரியர்:
ஆளுமைகளுக்கு மெரீனா வரை சென்றாலே போதுமே! 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது அங்கே சிலை வைக்கப்பட்ட வீரமாமுனிவர், மேற்சொன்ன மாந்துவாவை அடுத்த காஸ்தில்யோனேயில் 1680இல் பிறந்தவர். தேம்பாவணியைப் படிக்கத் தயங்குவோர் அவருடைய பரமார்த்த குரு கதையைப் படிக்கலாம். குருவையும் சீடர்களையும் இவ்வளவு துணிந்து கேலிசெய்த பாதிரியார் எனக்குத் தெரிந்து வேறொருவர் இல்லை.

மயிலாப்பூர் வாசகி:
மூவருக்கும் நன்றி. ஓர் ஐயம்: சில இத்தாலியப் படங்களில் குரலும் உதட்டசைவும் பொருந்தவில்லையே, பிரதியின் கோளாறா?

பெரம்பூர்த் திரைநேயர்:
இல்லை. அக்காலத்தில் பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பின்னரே குரல் சேர்த்தார்கள். ஃபெலினி, வசனத்துக்குப் பதிலாக நடிகர்களை எண்களைச் சொல்லவைத்துப் படமெடுத்ததும் உண்டு. கோடம்பாக்கத்து டப்பிங்கில் பழகிய நமக்கு இது பெரிய உறுத்தலாக இராது. ஆங்கிலக் குரல் சேர்த்த பிரதிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.