டர்ன்-பேஸ்டு ஆர்பிஜியில் (நாமும் எதிரியும் முறை வைத்து மாறி மாறி அடிக்கும் கதை கேமில்) உங்களை இன்னும் உறுத்துகிற ஒரு சண்டை எது?

வடசேரி பிஎஸ்2:
ஃபைனல் ஃபேண்டஸி 10 கேமில் யுனலெஸ்கா என்கிற பெரிய எதிரி. விளையாடியவர்களுக்கு இதற்கு மேல் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த பிஎஸ்2 கேம் பெட்டி. இரண்டாம் உருவத்தில் அவள் எல்லாரையும் ஜாம்பி ஆக்குவாள், அப்புறம் க்யூர் என்ற குணமாக்கும் மந்திரம் போட்டால் நமக்கே அடி. நான் பெரிய புத்திசாலி மாதிரி மூன்று பேருக்கும் ஜாம்பியைப் போக்கும் ஹோலி வாட்டர் கொடுத்து, ஹெச்பியையும் (உயிர்ப் புள்ளி) நிரப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் உருவம் வந்தது. மெகா டெத் என்ற அடி. ஜாம்பியாக இருப்பவன் மட்டும்தான் பிழைப்பான், என் ஆட்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து "யாருலே செத்தது?" என்று கேட்டாள். திரும்பப் போனால் சண்டைக்கு முந்தைய அந்த நீளமான காட்சியைத் தாண்டவும் வழியில்லை, உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டும். ஜாம்பியையே மருந்தாக வைத்தவனை அன்றைக்குத் திட்டினேன், இன்றைக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

குலசேகரம்காரன்:
ஒக்கி புயல் அடித்த சமயம், 2017 நவம்பர் கடைசி. கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் எமுலேட்டரில் (பழைய கேமை ஓட்டும் ஆப்) போக்கிமான் ஃபயர்ரெட் மட்டும் இருந்தது. எதிராளி லான்ஸின் டிராகனைட் என்ற போக்கிமான் எதிரே, என்னிடம் மிச்சம் லாப்ரஸ் என்ற ஒரே போக்கிமான். பிளிசார்ட் என்ற பனி அடியைப் போட்டேன், தவறிவிட்டது (படும் வாய்ப்பு 70 சதவீதம் என்றால் பத்துக்கு மூன்று தவறும், ஆனால் எனக்கென்றால் அந்த மூன்றுதான் முதலில் வரும்). அதற்கு முன்பே டிராகனைட் ஹைப்பர் பீம் என்ற அடியை அடித்துவிட்டதால் அடுத்த முறை அதால் அசைய முடியாது. அதாவது எனக்கு ஒரு முறை சும்மா கிடைக்கிறது. மருந்து கொடுப்பதா, மறுபடி பிளிசார்டா?

அப்போதுதான் அப்பா கூப்பிட்டார், வழியில் ரப்பர் மரம் சாய்ந்து கிடக்கிறது, வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வா என்று. போனை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். இரண்டு மணி நேரம் வெட்டினோம், மனதுக்குள் லாப்ரஸ்தான். திரும்பி வந்து பார்த்தால் மெனு நான் விட்ட இடத்திலேயே நிற்கிறது. வேறெந்த கேம் இப்படிக் காத்திருக்கும்? மறுபடி பிளிசார்டையே அழுத்தினேன். பனி கொட்ட ஆரம்பித்தது, பாதியில் போன் செத்தது. பட்டதா தப்பியதா தெரியாது.

தக்கலை அண்ணாச்சி:
வடசேரி தம்பி, அது நல்ல சண்டை இல்லை, ஏமாற்று. முதல் தடவை போகிறவனுக்கு மெகா டெத் வரும் என்று எப்படித் தெரியும்? அதே கேமில் வலது பக்கம் அடுத்து யார் முறை என்று வரிசையே தெரியும், அதைப் பார்த்து ஆளை மாற்றிக்கொள்ளலாம், அதுதான் நேர்மை. என் அனுபவம் சின்னதுதான்: குரோனோ டிரிக்கரில் எதிரி கண்ணெதிரே நடமாடுவதையும், அதே இடத்திலேயே சண்டை தொடங்குவதையும் பார்த்து வாயைப் பிளந்தேன். 1995-இல் வந்த கேம்.

புதிதாக ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நல்ல மருந்தையெல்லாம் கடைசி பாஸுக்கு (பெரிய எதிரிக்கு) என்று பூட்டி வைக்காதீர்கள், கேம் முடியும்போது பையில் முப்பது எலிக்சர் கிடக்கும், யாருக்குப் பிரயோஜனம்? லெவல் ஏற்றுவதிலேயே நாள் முழுக்கப் போனால் கேமில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். பெர்சோனா 5-இல் தொடங்குங்கள், எதிரியின் பலவீனத்தை அடித்தால் இன்னொரு முறை கிடைக்கும், எல்லாரையும் கீழே தள்ளினால் கூட்டமாகப் பாயலாம். படிக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் மட்டும் தொடாதீர்கள், நூறு மணி நேரம் போய்விடும். கண்ணாடி போட்டவர்கள் விளக்கை அணைத்துவிட்டு விளையாட வேண்டாம்.

குளச்சல் கடற்கரை:
அண்ணாச்சி, கண்ணாடி எங்கிருந்து வந்தது? ஏமாற்று என்றால் நாக்டர்ன் கேமில் வரும் மேடடோர் என்ற எதிரியைப் பாருங்கள். சிவப்புத் துணியை வீசித் தன் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வான். நம் அடி ஒன்று தவறினால் நம் கையிலிருக்கும் முறைகளில் ஒன்றல்ல, இரண்டு போய்விடும். நான்கு முறை இருந்தது, இரண்டு அடி தவறியது, தீர்ந்தது. மீதியெல்லாம் அவன் ஆட்டம். எந்த விதியையும் அவன் மீறவில்லை, நான்தான் படிக்கவில்லை. யுனலெஸ்காவும் அப்படித்தான். இரண்டாம் உருவத்திலேயே ஜாம்பி ஆக்குகிறாளே, அதுதான் குறிப்பு.

வடசேரி பிஎஸ்2:
குலசேகரம் மக்கா, அப்புறம் ஜெயித்தாயா இல்லையா?

குலசேகரம்காரன்:
லான்ஸ் அறைக்கு வெளியே சேவ் பண்ணியிருந்தேன். ஒரு ஜீப்பில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன், முதல் பிளிசார்டிலேயே டிராகனைட் காலி. ஆனால் நான் கேட்பது அந்தப் பழைய பிளிசார்டை.