புதுப்பிப்பு: கிரானில் மட்டும் வந்த கீஎரர் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை ஒன்றின் பில் ஸ்கிரிப்ட் எனக்குக் கைமாறி வந்தது. பைத்தான். டெர்மினலில் ஓடுது, ராத்திரி கிரானில் (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டுற லினக்ஸ் வசதி) போட்டால் பாஸ்வேர்டு இருக்கிற என்விரான்மென்ட் வேரியபிள் (புரோகிராமுக்கு வெளியிலிருந்து போகிற பெயர்=மதிப்பு) இல்லைன்னு கீஎரர், அதாவது கேட்ட பெயர் கிடைக்கலைங்கிற பைத்தான் பிழை.

"பாஷ்ஆர்சியை கிரான் படிக்காது"ன்னு சொன்னவங்க சொன்னதுதான் சரி. பாஷ்ஆர்சின்னா டெர்மினல் திறக்கும்போது அதுக்குள்ள ஓடுற ஷெல் படிக்கிற செட்டிங் ஃபைல்; பாஸ்வேர்டை அதிலதான் எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தது. எக்ஸ்போர்ட் பண்ணினது அந்த ஷெல்லுக்கும் அதுக்குப் பிறந்த பிராசஸ்களுக்கும்தான் போகும். கிரான் அந்த வம்சத்திலேயே இல்லை. இப்ப சிஸ்டம்டி டைமருக்கு (இதுவும் கிரான் மாதிரி நேரத்துக்கு ஓட்டுறதுதான்) மாத்தி, பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் வெச்சு பர்மிஷன் 600 (ஃபைலுக்குச் சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத) கொடுத்துட்டேன். அந்த ஃபைலில் முன்னால் 'எக்ஸ்போர்ட்' போடக் கூடாது, பெயர்=மதிப்பு மட்டும்தான்.

அதோட முடியலை. மறுநாள் காலையில பட்டறைக்காரர் போன்: "தம்பி, எல்லா பில்லுலயும் 'மாதிரி'ன்னு அடிச்சிருக்கே, எவன் காசு கொடுப்பான்?" டெஸ்ட்மோடு ஆன்ல இருந்தாத்தான் 'மாதிரி'ன்னு அடிக்கும்; டெஸ்ட்மோடு=ஃபால்ஸ்னு ஃபைலில் தெளிவா இருக்கு. ஆனா அந்த வேரியபிள்களைப் பைத்தானில் எடுக்கிற ஓஎஸ்.என்விரான் தர்றது எல்லாமே ஸ்டிரிங், அதாவது வெறும் எழுத்து. 'ஃபால்ஸ்'ங்கிற அஞ்செழுத்து ஸ்டிரிங் காலி இல்லையே, அதனால இஃப் அதை ட்ரூன்னுதான் எடுத்துக்கும். ட்ரூ/ஃபால்ஸா மாத்துற பூல்() போட்டாலும் அதே கதை. சின்ன எழுத்தாக்கி 'ட்ரூ', '1' ரெண்டோட ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி மாத்தினேன். போர்ட் நம்பரும் ஸ்டிரிங்காத்தான் வரும், அதனால அதுக்கும் எண்ணா மாத்துற இன்ட்() வேணும்.

ஏற்காட்டிலிருந்து விண்டோஸ் பத்திக் கேட்ட அண்ணனுக்கு: செட்எக்ஸ் (விண்டோஸில் இந்த வேரியபிளை நிரந்தரமா வைக்கிற கமாண்ட்) போட்டது, ஏற்கெனவே திறந்திருக்கிற விண்டோவில் தெரியாது. புதுசா ஒண்ணு திறந்து பாருங்க.