மெமரி கார்டும் பழைய உபுண்டுவும்: எக்ஸ்ஃபேட் அனுபவம்

கானாடுகாத்தான்காரன்:
பெரியப்பாவுக்கு சாந்தி கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) முடிஞ்ச மறுநாள். போட்டோகிராபர் தம்பி 128 ஜிபி கார்டை நீட்டி, "அண்ணே, சீக்கிரம் காப்பி எடுத்துக்கிட்டுத் தந்துருங்க, மதியம் தேவகோட்டையில வேலை"ன்னார். வீட்ல இருந்தது உபுண்டு 18.04 (லினக்ஸ்ல ஒரு வகை) போட்ட லேப்டாப். சொருகினதும் 'அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் எக்ஸ்ஃபேட்'னு ஒரு வரி. கூட இருந்த மாப்பிள்ளை, "கார்டு போச்சு, ஃபார்மட் அடிச்சுப் பார்ப்போமா?"ங்கிறார். தம்பிக்கு முகமே வெளுத்துப்போச்சு.

அந்த வரியை நிதானமா படிச்சாலே போதும். ஃபைல்சிஸ்டம்னா கார்டுல ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை, எக்ஸ்ஃபேட் அதுல ஒண்ணு. எக்ஸ்ஃபேட்னு பேரைச் சரியாச் சொல்லுதுன்னா கார்டை அடையாளம் கண்டுக்கிச்சு, திறக்கத்தான் வழி தெரியலை. 32 ஜிபிக்கு மேல உள்ள எஸ்டி கார்டெல்லாம் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்லதான் வருது. அதுக்கு முந்தின முறையான ஃபேட்32-ல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, கல்யாண வீடியோ எங்கே அடங்கும்? மைக்ரோசாஃப்ட் இதை 2006-லயே கொண்டுவந்தாலும் விவரக்குறிப்பை வெளியிட்டது 2019-லதான். அப்புறம்தான் கெர்னலுக்குள்ளயே (லினக்ஸோட மையப் பகுதி) இடம் கிடைச்சுது, 5.7-ல சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் வந்துச்சு. 18.04-ஓட வந்த கெர்னலோ 4.15.

டெர்மினல்ல 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளை போட்டு எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ், எக்ஸ்ஃபேட்-யுடில்ஸ் ரெண்டையும் இறக்கணும், அவ்வளவுதான். வளவுக்குள்ள, அதாவது வீட்டு உள்முற்றத்துல, சிக்னல் சுத்தமா கிடையாது (அந்தச் சுவத்து கனத்துக்கு எப்படி வரும்!), லேப்டாப்பை முகப்புத் திண்ணைக்குத் தூக்கிட்டுப் போய் போன் ஹாட்ஸ்பாட்ல இறக்கினேன். ரீஸ்டார்ட் எதுவும் வேண்டாம். கார்டை உருவி மறுபடி சொருகினதும் படங்கள் இருக்கிற டிசிஐஎம் ஃபோல்டர் வந்துடுச்சு. தம்பி அதுக்கப்புறம்தான் காப்பித் தம்ளரைக் கையில எடுத்தார்.

ஒண்ணு கவனிங்க: இதுக்கப்புறமும், கெர்னலுக்குத் தெரிஞ்ச ஃபைல்சிஸ்டங்களைக் காட்டுற 'ப்ராக் ஃபைல்சிஸ்டம்ஸ்' பட்டியல்ல எக்ஸ்ஃபேட் பேரு இருக்காது. கெர்னலுக்கு வெளியே இருந்து ஃபைல்சிஸ்டத்தை ஓட்டுற ஃபியூஸ் வழியா ஓடுறதால 'ஃபியூஸ்பிஎல்கே'ன்னுதான் இருக்கும். உபுண்டு 22.04-ல கெர்னலே படிச்சுடும். ஃபார்மட் பண்ண, சரிபார்க்க மட்டும் எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ்ங்கிற தொகுப்பு வேணும்.

பள்ளத்தூர் வாசி:
எனக்கு வந்தது என்டிஎஃப்எஸ், விண்டோஸோட ஃபைல்சிஸ்டம். ஒரே லேப்டாப்புல விண்டோஸும் லினக்ஸும். விண்டோஸ் பக்கம் இருக்கிற என் கடைக் கணக்கு லினக்ஸ்ல திறக்குது, ஒரு எழுத்து மாத்த விடலை. காரணம் விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். முழுசா அணையாம பாதித் தூக்கத்துல டிஸ்க்கைப் பிடிச்சு வச்சிருக்கு. லினக்ஸ் எழுத மறுத்தது நல்லதுக்குத்தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் கொடுத்துட்டு வந்தேன், எழுதுது. இதுல புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியே வரலை.

காரைக்குடி மாணவி:
அண்ணே, மேக்ல போட்ட டிஸ்க்குக்கு? மேக்கோட ஃபைல்சிஸ்டமான எச்எஃப்எஸ் ப்ளஸ்னு காட்டுது, படிக்க முடியுது, எழுத முடியலை.

கானாடுகாத்தான்காரன்:
ஜர்னலிங் (டிஸ்க்ல செய்யுற மாற்றங்களை முன்கூட்டியே குறிச்சு வைக்கிற வசதி) ஆன்ல இருக்கும்மா. அதை மேக்லயே ஆஃப் பண்ணாத்தான் லினக்ஸ் எழுத விடும். ரெண்டு பக்கமும் அலையுற டிஸ்க்குன்னா, உள்ளே இருக்கிறதை வேற இடத்துல காப்பி வச்சுக்கிட்டு எக்ஸ்ஃபேட்டா மாத்திடு.